பதிவேட்டில் குரலுக்கு ஒரு கட்டம்

புதிதாகப் போன் எடுக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மேனேஜர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். "மேடம், இந்த கேஸ் ஏஜென்சியில இருபத்தாறு வருஷம் கம்ப்ளெயிண்ட் போனு எடுத்திருக்கீங்க. புதுசா வந்திருக்கற பொண்ணுங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க. கஸ்டமர்கிட்ட இனிமையா பேசறது எப்படின்னு இருந்தா நல்லாருக்கும்" என்றார். நான் இனிமையாகப் பேசினேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. சொன்னவர் கண்டிப்பாக விருத்தாசலத்துக்காரராக இருக்க முடியாது. ஆனாலும் வீடு தேடி வந்து, நான் போட்ட காபியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கேட்டதால் சரி என்றேன்.

புக்கிங் எப்படிப் போடுவது, ரசீது எப்படி எழுதுவது என்பதெல்லாம் உட்கார்ந்த மூன்றாம் நாளே உங்களுக்கு வந்துவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் செய்த தப்புகள் நிறைய. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது ஒன்றே நாலு பக்கத்துக்கு மேல் வரும்.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குக் கீச்சுக் குரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனை எடுத்து "வணக்கங்க" என்றால் எதிர்ப்பக்கம் இரண்டு விநாடி சத்தமே வராது. அப்புறம், "ஆம்பள ஆளு யாராச்சும் இருந்தா குடும்மா" என்பார்கள். கேஸ் அடுப்பை ஒருநாளும் பற்றவைத்திராத ஆண்கள்தான் இப்படிக் கேட்பார்கள். எங்கள் மெக்கானிக் ரஃபீக் கடையில் இருந்தால் போனை அவனிடம் கொடுத்துவிடுவேன். அவனுக்குப் புக்கிங் விஷயம் ஒன்றும் தெரியாது. நான் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவன் அதையே தடித்த குரலில் திருப்பிச் சொல்வான். "அப்படி வெவரமா சொல்லுங்க சார்" என்று அவர்கள் சந்தோஷமாகப் போனை வைப்பார்கள். நான் சொன்னதுதான், நான் சொன்ன அதே வார்த்தைகள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஊரில் கேஸ் இணைப்பு மளமளவென்று கூடியது. ஒரு நாளைக்கு இருபது புகார் வரும். மெக்கானிக் ரஃபீக் ஒருவன்தான். அவனிடம் ஒரு பழைய டி.வி.எஸ். காலையில் ஜங்ஷன் ரோட்டில் இருப்பான், மதியம் நல்லூர் பக்கம் போய்விடுவான், சாயங்காலம் வேப்பூர் ஹைவேயில் ஏதாவது ஓட்டலில் பர்னரைக் கழற்றிக்கொண்டிருப்பான். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று என்னைத்தான் கேட்பான். அப்போதுதான் நான் அந்த அரிய கண்டுபிடிப்பைச் செய்தேன்.

புகார்ப் பதிவேட்டில் பெயர், விலாசம், புகார் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன். மேலே "குரல்" என்று எழுதினேன். கோபமாகப் பேசினால் "கோ". பதற்றமாகப் பேசினால் "ப". அழுதால் "அ". சாதாரணமாகப் பேசினால் "சா". ரஃபீக் முதலில் "அ" வீட்டுக்குப் போகவேண்டும், பிறகு "ப", பிறகு "கோ". "சா" கடைசி. ஆபத்தில் இருக்கிற மனிதன் எப்படிச் சாதாரணமாகப் பேசுவான் என்பது என் தத்துவம். குரலைக் கேட்டே வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. முதலாளி அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "சந்திராம்மா, ஒனக்கு காதுலதான் மூள" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கட்டம் போட்டது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரஃபீக்தான் எங்கேயோ டீ குடிக்கும்போது உளறியிருப்பான். ஒரே மாதத்தில் விருத்தாசலமே அழ ஆரம்பித்துவிட்டது. அடுப்புத் திருகு டைட்டாக இருக்கிறது என்பதற்கு ஒருவர் தேம்பினார். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி அழவிட்டுக்கொண்டே பேசுவார். ஒருநாள் அவர் பேசி முடித்து, போனைச் சரியாக வைக்காமல் விட்டுவிட்டார். "போதுமாங்க, எனக்கு தொண்ட கட்டுது" என்று அந்தம்மா கேட்பது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, "பொ.அ" என்று புதிதாக ஒரு குறி சேர்த்துக்கொண்டேன். பொய் அழுகை.

எல்லாருக்கும் மேலே ஒரு வக்கீல் இருந்தார். பெயர் வேண்டாம். ஜங்ஷன் ரோட்டில் மாடி வீடு, ஹாலில் போன். அவருக்குக் கோர்ட்டிலும் அதே குரல்தான், வீட்டிலும் அதே குரல்தான். பால் பொங்கி பர்னர் அடைத்துக்கொண்டால்கூட, "இந்த வூட்டுல நாலு உசுரு இருக்குது, ஏதாச்சும் ஆச்சின்னா ஒங்க ஏஜென்சிதான் பொறுப்பு" என்று ஆரம்பிப்பார். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டும். "கோ"வும் "ப"வும் சேர்த்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுப்பேன். வருஷத்தில் பத்துத் தடவையாவது ரஃபீக் அந்த வீட்டு மாடிப்படி ஏறியிருப்பான். ஒரு தடவைகூட அங்கே வாசர் மாற்றுகிற அளவுக்கு ஒரு வேலை இருந்ததில்லை.

இடையில் மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்தார். "போனில் முகம் தெரியாது, ஆனால் சிரிப்பு தெரியும்" என்று சொல்லி, மேசையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசச் சொன்னார். மறுநாள் காலை ஒரு அம்மா கூப்பிட்டார். பெண் பார்க்க ஆட்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேசரி பாதியில் நிற்கிறது, சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி, "சொல்லுங்கம்மா, என்ன உதவி வேணும்" என்றேன். "என்னாடி சிரிக்கிற" என்று ஆரம்பித்தவர் என் பரம்பரையைத் தொட்டுவிட்டுத்தான் நிறுத்தினார். சிரிப்பு போனில் தெரியும் என்று அந்தத் தம்பி சொன்னது முழுக்க உண்மை. கண்ணாடியை ரஃபீக் தலை சீவ எடுத்துக்கொண்டான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை போனில் எங்களோடு பேசியே இராதவர்கள் நிறையப் பேர் எங்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். அவர்களிடம் போன் கிடையாது. பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய்ப் போனிலிருந்தோ, வேலை செய்யும் இடத்திலிருந்தோ பேசுவார்கள். சுருக்கமாகப் பேசுவார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே வரிசையாக "சா", "சா" என்று எழுதினேன். பாவம், அமைதியான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை பத்தரை இருக்கும். வக்கீலின் போன் அப்போதுதான் முடிந்திருந்தது. அடுப்பில் தீ மஞ்சளாக எரிகிறதாம், நாலு உயிர் இருக்கிறதாம். ரஃபீக்கை அங்கே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் காது இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"மேடம், என் பேரு அஞ்சலைங்க. தொழிற்பேட்டைக்கு பின்னாடி காலனி. புது சிலிண்டர் மாட்டனதுலேருந்து வாசம் வருதுங்க. ரெகுலேட்டர கழட்டியும் உஸ்ஸுன்னு சத்தம் வருது. நேரம் கெடைச்சா யாரையாச்சும் அனுப்புங்க மேடம்."

"சரிம்மா" என்றேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் புகார்க் கட்டத்தில் எழுதினேன். குரல் கட்டத்தில் "சா" போட்டேன். கடை ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரல். "நேரம் கெடைச்சா" என்று வேறு சொல்கிறாள். நேரம் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் இன்னும் தணிந்திருந்தது. கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. "மேடம், அஞ்சலைங்க. காலையில சொன்னேனே. இன்னும் யாரும் வரல. சிலிண்டர வெளியில தூக்கி வச்சிட்டேன். சத்தம் நிக்கல."

"வருவாங்கம்மா" என்றேன். குரல் தணிந்திருக்கிறது, அப்படியானால் பிரச்சினையும் தணிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "சா"வுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டேன். அந்த அம்புக்குறியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு மணிக்கு ரஃபீக் சாப்பிட வந்தான். வக்கீல் வீட்டில் பர்னர் மேல் சாம்பார் வழிந்து காய்ந்திருந்ததாம். பழைய பல் பிரஷ் வாங்கித் தேய்த்துவிட்டு வந்தானாம். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே பதிவேட்டை இழுத்துப் பார்த்தான். அவன் எப்போதும் கடைசிக் கட்டத்தைத்தான் பார்ப்பான், நான் அப்படிப் பழக்கியிருந்தேன். அன்றைக்கு ஏனோ புகார்க் கட்டத்தைப் படித்தான்.

"அக்கா, 'ரெகுலேட்டர கழட்டியும் சத்தம் வருது'. இத யாரு எழுதனது?"

"நான்தான்."

"எழுதனீங்க சரி. படிச்சீங்களா?"

அப்போதுதான் படித்தேன். உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ரெகுலேட்டரைக் கழற்றியும் சத்தம் வந்தால் சிலிண்டரின் வால்வே போயிற்று என்று அர்த்தம். அடுப்பை அணைத்தாலும் நிற்காது, குழாயை மாற்றினாலும் நிற்காது, காலியாகும்வரை கேஸ் வந்துகொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் இதைவிட மோசமான வாக்கியம் கிடையாது. அதை என் கையாலேயே அழகாக எழுதிவைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ரஃபீக் டப்பாவை மூடக்கூட இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன ஐந்தாவது நிமிஷம் ஒரு ஆள் செல்போனிலிருந்து அலறினான். "தீ... அம்மா... தீ" என்பதைத் தவிர எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் கை தன்னாலே கடைசிக் கட்டத்துக்குப் போய் "அ" என்று எழுதியது. காலனியா என்று கேட்டேன், ஆமாம் என்று அழுதான்.

நடந்தது இதுதான். அஞ்சலை சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய், வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வைத்திருக்கிறாள். ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். எங்களிடம் வேலை பார்த்த யாருக்கும் அவ்வளவு விவரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் கடைசி வீட்டில் வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிக்கு விஷயம் தெரியவில்லை. குளிக்க வெந்நீர் வைக்க விறகைப் பற்றவைத்திருக்கிறார். கேஸ் தரையோடு தவழ்ந்துபோகும். தீ அதைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் வரைக்கும் வந்துவிட்டது. அஞ்சலைதான் இன்னொரு ஈரச் சாக்கைத் தூக்கி அதன்மேல் போட்டு அமுக்கியிருக்கிறாள். குளியல் மறைப்புக்குக் கட்டியிருந்த கீற்று எரிந்துபோனது. வீடுகள் தப்பின. உயிர்ச் சேதம் இல்லை. அஞ்சலையின் வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

அவள் பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரங்களைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை. கொஞ்சம் அழுத்திவிட்டால் மூக்குப் போய்விடும். அவள் குடும்பத்தின் சாப்பாடே அந்த வலது கைதான்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அதற்கு முதல்நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ரொம்ப அன்பாகப் பேசினார். "சந்திராம்மா, நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். பதிவேட்ட அப்படியே காட்டு. அந்தம்மா சாதாரணமாத்தான் சொல்லியிருக்குது. ஒன் கட்டத்துலயே இருக்குது பாரு. நமக்கு அது போதும்."

முதலாளியின் கணக்கு இதுதான். வாடிக்கையாளர் அவசரத்தைத் தெரிவிக்கவில்லை, தானாகச் சிலிண்டரை நகர்த்திவிட்டார், ஆகையால் இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. அப்படி எழுதிவிட்டால் அஞ்சலையின் இணைப்பை ரத்து செய்வார்கள். வைத்தியச் செலவு அவள் தலையில். காலனி எரிய இருந்ததற்குக் காரணம் அவள்தான் என்று ஊரும் பேசும். ஏஜென்சிக்கும் எனக்கும் ஒன்றும் ஆகாது. என் மகள் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அன்று முழுக்க நான் முதலாளியின் பக்கம்தான் இருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் அதிகாரி முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கதவோரம் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "உட்காரும்மா" என்று நான் ஸ்டூலை நகர்த்தினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானா மேடம் போனுல பேசனது. கொரல வச்சி தெரிஞ்சிது" என்றாள். அதே குரல். திட்டவில்லை, அழவில்லை. "சா" என்று என் மனதுக்குள் தானாக ஓடியது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

முதலாளி பதிவேட்டைப் பிரித்து வாசித்தார். மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி வாசித்தார். புது சிலிண்டர் மாட்டியதிலிருந்து வாசம், ரெகுலேட்டரைக் கழற்றியும் சத்தம், நேரம் கிடைத்தால் அனுப்பவும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல்தான் இருந்தது. அதிகாரி தலையாட்டினார். குரல் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். "இது நல்ல முறையா இருக்கே. மத்த ஏஜென்சிலயும் கொண்டுவரச் சொல்லணும்" என்றார். முதலாளி என்னைப் பெருமையாகப் பார்த்தார். என் தப்பு, ஊர் ஊராகப் போகக் கிளம்பிவிட்டது.

அதிகாரி அஞ்சலையிடம் கேட்டார். "ஏம்மா, அவசரம்னா அவசரமா சொல்ல வேணாமா? இப்படி சொன்னா யாருக்கு தெரியும்?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் திடீரென்று பழைய ஞாபகம் வந்தது. நான் சொன்னதையே ரஃபீக் தடித்த குரலில் சொல்ல, "அப்படி வெவரமா சொல்லுங்க சார்" என்று போனில் வந்ததே, அது. அந்தக் கீச்சுக் குரலோடு எத்தனை வருஷம் வயிறெரிந்திருப்பேன். அதையே நான் இன்னொருத்திக்குச் செய்துவிட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டமும் போட்டிருக்கிறேன்.

"சார், நான் ஒருதரம் படிக்கறேன்" என்று பதிவேட்டை வாங்கினேன்.

வக்கீலின் குரலை ஆறேழு வருஷம் காதில் வாங்கியவள் நான். அது அப்படியே என் தொண்டையில் இருந்தது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். "புது சிலிண்டர் மாட்டனதுலேருந்து வாசம் வருது. ரெகுலேட்டர கழட்டியும் உஸ்ஸுன்னு சத்தம் வருது. ரெகுலேட்டர கழட்டியும் சத்தம் வருது" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நானாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ரெகுலேட்டர் வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன், வக்கீல் அப்படித்தான் செய்வார்.

அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த அறையின் மூலையில் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுவதற்காக ஒரு அடுப்பும் சிலிண்டரும் இருக்கும். அவர் பார்வை நேரே அங்கே போனது. எங்கள் முதலாளி எழுந்து ஓடி அந்த ரெகுலேட்டரைத் திருகி மூடியேவிட்டார். அதில் கேஸ் தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த ரஃபீக் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டான், அவன் தோள்பட்டை குலுங்கியது.

"இதத்தான் சார் அவங்க சொன்னாங்க" என்றேன். "நான் எழுதனேன். கேக்கல. தப்பு என்னுது."

அதிகாரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தன் பயத்தை நாங்கள் பார்த்துவிட்டதில் அவருக்கு வருத்தம். "நீங்க இப்ப கத்தன மாதிரி அந்தம்மா அன்னைக்கு கத்தியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றார்.

அப்போதுதான் அஞ்சலை அவருக்குப் பதில் சொன்னாள். "எப்படி சார் கத்தறது? அது எங்க கம்பெனி ஓனர் ரூமு. அவரு எதிர்ல ஒக்காந்திருக்காரு. ரெண்டாவது தபா போனப்ப பொம்ம வாங்க வந்த ஆளுங்க வேற இருந்தாங்க. சட்டுனு பேசிட்டு போன்னாரு. சத்தமா பேசனா போன புடுங்கி வச்சிடுவாரு. அதான் சார், ஒரு வார்த்தகூட வுட்டுப்போவக் கூடாதுன்னு மெதுவா சொன்னேன்."

அவள் பொறுமையாகப் பேசியது அமைதியால் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் அடுத்தவர் போனில் அரை நிமிஷம். அதைக் கோபத்துக்குச் செலவு பண்ணாமல் முழுக்க விஷயத்துக்கே செலவு பண்ணியிருக்கிறாள். கோபப்படுவதற்குச் சொந்தமாக ஒரு போனும், அது வைக்க ஒரு ஹாலும் வேண்டும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

வால்வு பழுது என்று அறிக்கை எழுதினார்கள். இணைப்பு ரத்தாகவில்லை, வைத்தியச் செலவை ஏஜென்சியே ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரு மெமோ கொடுத்து, மூன்று மாதம் ரசீது கிழிக்க உட்காரவைத்தார்கள். வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள். ஆனால் எனக்குப் பதிலாகப் போன் எடுக்க வந்த பையன், வக்கீலிடம் இரண்டு தடவை பேசிவிட்டு மூன்றாம் நாள் வரவில்லை. அடுத்து வந்த பெண் ஒரு வாரம் தாங்கினாள். முதலாளி தானே வந்து, "சந்திராம்மா, பழசயெல்லாம் மனசுல வச்சிக்காத" என்று மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். வக்கீலுக்கு நான் பட்ட ஒரே நன்றிக் கடன் அது.

உட்கார்ந்ததும் குரல் கட்டத்தின் தலைப்பை அடித்தேன். அதே இடத்தில், "எங்கிருந்து பேசுகிறார், பக்கத்தில் யார்" என்று எழுதினேன். இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லாவிட்டால் ஒரு நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் புகார்க் கட்டத்தை இரண்டு தடவை படியுங்கள். கத்துகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் ஒருநாள் நிஜமாகவே குழாய் வெடித்திருந்தது, "பொ.அ" போட இருந்த கையை ரஃபீக்தான் தடுத்தான். யார் எந்தக் குரலில் சொன்னாலும், சொன்னது என்ன என்று தனியாக எடுத்துப் பாருங்கள். அதை எழுதும்போதே பார்க்கவேண்டும். ரஃபீக் சாப்பிட வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.

அஞ்சலைக்குக் கை ஆற நான்கு மாதம் ஆனது. இரண்டு விரல்கள் முழுசாக மடங்கவில்லை. சுரண்டும் வேலைக்கு அவளை மறுபடி வைத்துக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டுப் பொம்மைகளை அடுக்கும் வேலை கொடுத்தார்கள், கூலி குறைவு. இதை நான் சரிசெய்ய முடியவில்லை. தப்பை ஒப்புக்கொண்டதால் அவள் விரல் மடங்கிவிடவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுத்து "வணக்கங்க" என்பதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு பெண் வெளுத்து வாங்க ஆரம்பித்தாள். "என்னாங்க நெனச்சிக்கிட்டிருக்கீங்க? சிலிண்டர் புக் பண்ணி எட்டு நாளாவுது. நாளைக்கு நாளைக்குன்னு ஏமாத்தறீங்க. நாங்கல்லாம் மனுசங்களா தெரியலியா ஒங்களுக்கு?" மூச்சு விடவில்லை. பின்னால் குக்கர் விசில் ஒன்று, யாரோ டி.வி. பார்க்கிற சத்தம். எனக்கு ஆள் பிடிபடவில்லை. என் காதின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

"பேரு சொல்லுங்கம்மா."

"அஞ்சலை. தொழிற்பேட்டைக்கு பின்னாடி காலனி."

நான் பேனாவை வைத்துவிட்டேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன், ஒரு சாண் தள்ளவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு நாள் தாமதம் எங்கள் தப்புதான், சிலிண்டர் லாரி வரவில்லை. அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டினாள். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினாள். கட்டத்தை நிரப்பவேண்டுமே என்று கேட்டேன்.

"எங்கேருந்து பேசறீங்கம்மா? பக்கத்துல யாரு இருக்காங்க?"

"எங்கேருந்து பேசுவாங்க? எங்க வூட்டுலேருந்துதான்" என்றாள். "புதுசா செல்லு வாங்கியிருக்கறேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசுவேன். ஏன், ஒனக்கென்னா?"